நடைக்கொடியின் பதிவேடு

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்து. வாசற்படிக்கும் வேலிக்கும் இடையே என் மனைவி பொலித்தீன் பைகளில் மிளகுக் கன்றுகளை வரிசையாக அடுக்கியிருந்தாள். அந்தச் சப்பாத்துகள் இரண்டு வரிசைகளுக்கு நடுவே, ஒரு கன்றையும் மிதிக்காமல் ஊன்றியிருந்தன. அதன் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். சீருடை, துப்பாக்கி, தூக்கம் கலையாத ஒரு முகம். அவருக்குப் பின்னால் இன்னும் மூவர்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அலுவிகாரையில், பிரதான வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். சோதனை புதிதல்ல. வடக்கில் பிறந்தவர்கள் வசிக்கும் வீடுகளின் பட்டியல் அவர்களிடம் இருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தாள். நான் இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்து, அரசாங்க வேலை கிடைத்து மாத்தளைக்கு வந்தவள். மிளகு, சாதிக்காய், கராம்புக் கன்றுகள் வளர்க்கும் நாற்றுமேடை ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளர். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பிரதேச நிருபர். அதற்கு முன் எட்டு வருடம் கொழும்பில் அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தேன். மணி, இடம், எண்ணிக்கை மூன்றையும் எதற்கும் முன்னால் குறித்துக்கொள்ளும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது.

நால்வரும் உள்ளே வந்தார்கள். அரிசி வாளியைக் கிளறினார்கள், மெத்தையைத் திருப்பிப் போட்டார்கள். மேசையிலிருந்த என் செய்தித் தாள்களை ஒருவர் புரட்டிவிட்டு அலுப்போடு வைத்தார். அவற்றுக்கு அடியில் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று இருந்தது. அதைத் திறந்தவர் பிறகு மூடவில்லை. மற்றவர்களைக் கூப்பிட்டார்.

முதல் பக்கத்தில் ஒரு பெரிய வட்டம். அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பட்டை. பட்டையின் மேல் ஒரே திசை நோக்கிய அம்புக்குறிகள். அடுத்த பக்கங்களில் கரையோரம் போன்ற வளைவுகள், புள்ளிகள், புள்ளிகளுக்கு எண்கள். அதன் பிறகு அட்டவணைகள். வரிசை எண், இருந்தது, போனது, பட்டது, காத்திருப்பது. பக்கம் பக்கமாக, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்தில்.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"செடி," என்றாள் என் மனைவி.

"எந்த ஊர்ச் செடி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தம்புள்ளை என்றோ தோட்டம் என்றோ சொல்லியிருப்பார்கள்.

"இந்த உலகத்தில் இல்லாத செடி," என்றாள்.

ஏழு மணிக்கு முன்பே கொப்பியையும் அவளையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

அந்தக் கொப்பி எங்கள் கலியாணத்தோடு ஒத்த வயது. எண்பதுகளின் கடைசியில், கடைகளை மூடச் சொல்லிக் கிளர்ச்சிக்காரர்களின் துண்டுப்பிரசுரம் வரும், அதற்கு மறுநாள் ஊரடங்கு வரும். பஸ் இல்லை, வேலை இல்லை. புதிதாகக் கலியாணம் செய்த இரண்டு பேர் ஓர் அறையும் குசினியும் உள்ள வீட்டில் கிடந்தோம். அப்படி ஒரு பகல் நேரத்தில், யன்னல் கம்பியில் ஏறிக்கொண்டிருந்த மிளகுக் கொடியைப் பார்த்தபடி அவள் கேட்டாள்.

"என்னப்பா, சூரியன் அசையாமல் ஒரே இடத்திலை நிண்டால் இந்தக் கொடி என்ன செய்யும்?"

"கருகிப் போகும்."

"ஒரு பக்கம் கருகும். மற்றப் பக்கம் உறையும். நடுவிலை?"

எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அதனால் கொப்பியை எடுத்தாள்.

அவள் யோசித்த உலகத்தில் சூரியன் எழுவதும் இல்லை, விழுவதும் இல்லை. ஒரு பாதி எப்போதும் பகல், கொதிக்கும். மறு பாதி எப்போதும் இருட்டு, பனிக்கட்டி. இரண்டுக்கும் நடுவே அந்திபோல மங்கிய ஒரு பட்டை. உயிர்கள் அதில் மட்டும். ஆனால் அந்த உலகம் மிக மெதுவாக ஒரு பக்கம் சாயும். சாயும்போது பட்டையும் நகரும். ஒரு செடியின் ஆயுளில் ஒரு செடியின் நீளம். வேரூன்றி நிற்கும் செடிக்கு அந்த ஒரு நீளம் போதும், பின்னால் வரும் பனியில் உறைந்துபோவதற்கு.

ஆகவே தனியாக நின்றவை எல்லாம் அழிந்தன. வரிசையாக நின்றவை பிழைத்தன. கடைசியில் நிற்பது, பனி தன்னைத் தொடுவதற்கு முன்னால், தன்னிடமுள்ள தண்ணீர் முழுவதையும் வேர்வழியே முன்னால் நிற்பதற்குக் கொடுத்துவிட்டு வெறும் கூடாகும். முன்னால் நிற்பது, வெளிச்சத்தின் பக்கம் ஒரு விதையைப் போடும். ஒரு தலைமுறைக்கு ஓர் அடியாக அந்த வரிசை நடக்கும். அதற்கு அவள் வைத்த பெயர் நடைக்கொடி. உலகத்துக்குப் பெயர் வைக்கவில்லை. "அங்கை" என்றுதான் சொல்வாள்.

அவளால் ஒரு செடியைச் சும்மா கற்பனை செய்ய முடியாது. நாற்றுமேடையில் காலை எட்டு மணிக்குப் போனதும் முதல் வேலை பதிவேடு. எந்த மேடையில் எத்தனை துண்டு வைத்தது, எத்தனை துளிர்த்தது, எத்தனை வெளியே மாற்றியது, எத்தனை பட்டுப்போனது. எழுதாத கன்று இல்லாத கன்று என்பது அவர்கள் வேலையின் முறை. அதே கையால்தான் நடைக்கொடியையும் எழுதினாள். படம் ஒரு பக்கம் என்றால் பதிவேடு மூன்று பக்கம். இன்னொரு ஊரில், இன்னொரு காலத்தில் யாராவது அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். எங்கள் காலத்தில், எங்கோ யாரோ கூட்டம் கூட்டமாக இடம் மாறுவதையும் சாவதையும் வரைபடத்தோடு எண்ணிவைத்த கணக்காக அது தெரிந்தது.

நான் அந்தக் கொப்பியை முழுதாக வாசித்ததில்லை. முதல் சில பக்கங்களை அவளே காட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் எழுதினாள், நான் என் செய்தியை எழுதினேன். ஒரே மேசை. கொழும்பில் முன்பின் தெரியாதவர்களின் கலியாண அழைப்பையும் மரண அறிவித்தலையும் எழுத்து எழுத்தாக வாசித்திருக்கிறேன்.

பக்கத்து நகரமொன்றின் பொலிஸ் நிலையம். எந்த நகரம் என்பது இங்கே அவசியமில்லை. பொறுப்பதிகாரி ஐம்பதை நெருங்கியவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசுவார். அவர் என்னிடம் குரலை உயர்த்தவில்லை. என் மனைவியை நோனா, அதாவது அம்மணி, என்றே சொன்னார்.

"இது செடி என்கிறார் நோனா. செடியாக இருக்கலாம். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் லீவில் இருக்கிறார். வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் கொழும்புக்கு வாகனம் போகும். அதற்குள் எனக்கு விளங்கினால் நோனா வீட்டுக்குப் போகலாம். விளங்காவிட்டால் கொப்பியும் நோனாவும் அந்த வாகனத்தில் போகவேண்டும். அங்கே உள்ளவர்கள் அவசரப்படாமல், ஆறுதலாகத்தான் வாசிப்பார்கள்."

ஆறுதலாக என்பதற்கு அந்த வருடங்களில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பதினொரு மாதம் அங்கே ஆறுதலாக இருந்துவிட்டு வந்த ஒருவரைப் பற்றி நானே செய்தி எழுதியிருந்தேன்.

"நான் சிங்களத்தில் எழுதித் தருகிறேன்," என்றேன்.

"நீங்கள் புருஷன்."

"பத்திரிகைக்காரனும்தான்."

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு ஒரு சார்ஜன்டைக் கூப்பிட்டார். லக்கலயில் பிறந்தவர். தோட்டப் பக்கத்து நிலையங்களில் வேலை செய்து தமிழ் பேசப் பழகியவர், வாசிக்கத் தெரியாது. நான் ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் சத்தமாக வாசிக்கவேண்டும், சிங்களத்தில் எழுதவேண்டும், அவர் பார்த்துக் கையெழுத்து வைப்பார். எண்பத்து நான்கு பக்கங்கள். செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரைக்குத் தொடங்கினோம்.

எங்கள் மேசை பின் விறாந்தையில். அதே விறாந்தையின் மறுகோடியில் ஒரு நீள மர வாங்கு. பகலில் என் மனைவியை அதில் இருக்கவிட்டார்கள், பக்கத்தில் ஒரு பெண் கான்ஸ்டபிள். அவளோடு நான் பேசக்கூடாது என்பது உத்தரவு. சார்ஜன்ட் பேசலாம்.

"என்னங்க பத்தரே மாத்தயா, எல கறுப்புன்னா வாசிச்சீங்க?" என்றார், பத்தாம் பக்கத்தில். பத்தரே மாத்தயா என்றால் பத்திரிகைக்கார ஐயா. மூன்று நாளும் எனக்கு அதுதான் பெயர்.

"கறுப்புன்னுதான் எழுதியிருக்கு."

"எல எப்படிங்க கறுப்பா இருக்கும்? நோனா, ஏன் கறுப்பு?"

வாங்கிலிருந்து அவள் சொன்னாள்: "அங்கை வெளிச்சம் மங்கல். கிடைக்கிறதிலை ஒண்டையும் விடாமல் குடிக்கவேணும். பச்சை கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். கறுப்பு அனுப்பாது."

"சரி. பின்பக்கம் மயிருன்னு இருக்கே?"

"பின்பக்கம் குளிர். எருமைக்கண்டுக்கு இருக்கிற மாதிரி."

"பூ?"

"பூச்சி இல்லை. பூ ஆருக்குக் காட்ட?"

"அப்ப காய் எப்படிங்க?"

அவள் முகத்தில் நாற்றுமேடைக்குப் பயிற்சிக்கு வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் களை வந்தது. அங்கே காற்று எப்போதும் குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்குத்தான் அடிக்கும், பின்னால் நிற்பதன் மகரந்தம் முன்னால் நிற்பதற்கு மட்டும்தான் போகும் என்றாள். ஆகவே ஒவ்வொரு கொடியும் முன்வரிசையில் நிற்கும் இளமையில் தாய், பின்வரிசைக்குப் போனபின் தகப்பன். சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நட்டு ஏழு எட்டு வருடம் காத்திருந்துதான் எது எது என்று தெரியும். அந்தச் சிரமம் அங்கே இல்லை.

சார்ஜன்ட் படத்திலிருந்த வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"யானை?" என்றார் பிறகு.

"என்னது?" என்றேன்.

"யானை வந்து திங்காதா நோனா? ஒரே வரிசையா நின்னா ஒரே ராத்திரியில முடிச்சிருமே."

என் மனைவி உண்மையாகவே யோசித்தாள். "யானையை நான் இன்னும் யோசிக்கேல்லை," என்றாள்.

சார்ஜன்ட் என் பக்கம் திரும்பினார். "யானை இல்லாத காணி. எங்கப்பா லக்கலயில நாப்பது வருஷம் சேனைப் பயிருக்கு ராக்காவல் இருந்தே கிழவனானாரு. அங்க காணி குடுப்பாங்களான்னு கேளுங்க. எழுதுங்க, பத்தரே மாத்தயா, யானை இல்லைன்னு எழுதுங்க."

"கொப்பியில இல்லாதத நான் எழுத முடியாதுங்க."

"அதுவும் சரிதான்," என்றார்.

பெண் கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அன்றிரவு தன் சோற்றுப் பார்சலில் பாதியை என் மனைவிக்குக் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. புதன்கிழமை காலை நான் போனபோது, நிலைய வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த அந்தூரியத் தொட்டிகள் இரண்டும் விறாந்தை நிழலுக்கு வந்திருந்தன. அடியில் தேங்காய்ப் பொச்சு போட்டிருந்தது.

வேலை வேகமாக ஓடியது. செய்தி எழுதுகிறவனுக்கு அது பிடித்தமான எழுத்து. அவளிடம் அலங்காரம் இல்லை. பனியில் அகப்பட்ட விதைகளைப் பற்றி ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் எழுதியிருந்தாள். வரிசை போகும் வழியில் சில விதைகள் முளைப்பதற்கு முன்பே பனி மூடிவிடும். அவை சாவதில்லை. உலகம் ஒரு பக்கம் சாய்ந்து முடிந்து மறுபக்கம் திரும்பும்போது அந்தியும் திரும்பி வரும், பனி இளகும், அப்போது முளைக்கும். முழுச் சாய்வு ஒன்றுக்கு நம்முடைய கணக்கில் ஒன்பதாயிரம் வருடம். பதிவேட்டில் அவற்றைப் பட்டது என்ற நிரலில் எழுதக்கூடாது, காத்திருப்பது என்ற நிரலில் எழுதவேண்டும் என்று தனக்குத்தானே ஒரு குறிப்பும் வைத்திருந்தாள்.

அறுபத்தோராம் பக்கம் புதன்கிழமை மாலை நாலே காலுக்கு வந்தது. சார்ஜன்ட் தொலைபேசிக்குப் போயிருந்தார்.

அந்தப் பக்கத்தில் படம் இல்லை. மேலே காத்திருப்பது என்று மட்டும். மற்ற எல்லாப் பக்கங்களிலும் காலம் அந்த உலகத்துச் சாய்வுக் கணக்கில்தான் இருந்தது. இதில் நம்முடைய நாள், மாதம், வருடம், இலக்கங்களில். மூன்று வரிகள். முதல் வரிக்கு எதிரே மூன்றாம் மாதம் என்று எழுதியிருந்தாள். இரண்டாவதற்கு எதிரே இரண்டரை மாதம். மூன்றாவதற்கு எதிரே ஐந்தாம் மாதம், விரல்கள் இருந்தன. பட்டது என்ற நிரலுக்கு அந்தப் பக்கத்தில் அவள் கோடு போடவே இல்லை.

மூன்று தேதிகளும் எனக்குத் தெரியும். மூன்று முறையும் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றவன் நான். மூன்றாவதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாதது நல்லது என்று நானும் விட்டுவிட்டேன். ஒரே மேசையில் எதிரே இருந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டதில்லை.

விறாந்தையின் மறுகோடியில் அவள் கான்ஸ்டபிளுக்குக் கறிவேப்பிலைக் கன்று வைப்பதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இதை ஒரு பொலிஸ் கோப்பில், இன்னொரு மொழியில், என் கையெழுத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தாளைத் திருப்பினேன். சார்ஜன்ட் திரும்பி வந்தபோது அறுபத்திரண்டை வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார், தலையாட்டினார், கையெழுத்து வைத்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முழுவதையும் கொடுத்தேன். பொறுப்பதிகாரி கொப்பியை இடது பக்கமும் என் தாள்களை வலது பக்கமும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். நடுநடுவே புன்னகை செய்தார். ஒரு தடவை "யானை இல்லை" என்று தனக்குள் சொன்னார். சார்ஜன்ட் ஏற்கெனவே சொல்லியிருக்கவேண்டும். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு நின்றார்.

"அறுபது," என்றார். "அறுபத்திரண்டு."

பக்கங்களுக்கு எண் போட்டவள் என் மனைவி. எழுதாத பக்கம் இல்லாத பக்கம்.

"எல்லாப் பக்கத்திலும் அந்த உலகத்து நாள். இதில் மட்டும் நம்முடைய தேதி. இதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. பத்திரிகைக்காரரே, நீங்கள் இந்தக் கதிரையில் இருந்தால் என்ன நினைப்பீர்கள்?"

"சந்தேகப்படுவேன்," என்றேன்.

"அதுதான்."

அவர் சார்ஜன்டைப் பார்த்தார். சார்ஜன்ட் தன் சப்பாத்தைப் பார்த்தார். "நோனாவைக் கூப்பிடுங்கள்," என்றார் பொறுப்பதிகாரி.

அவள் வந்து மேசையிலிருந்த பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னை. மூன்று நாளில் முதல் முறையாக என்னோடு பேசினாள், உத்தரவை மறந்து, தமிழில்.

"ஏன் விட்டனீங்கள்?"

"உனக்காகத்தான்மா."

"எனக்காக எண்டால் எழுதியிருக்கவேணும்."

பொறுப்பதிகாரி குறுக்கிடவில்லை. அவள் அவர் பக்கம் திரும்பி, நின்றபடியே, அலுவலகச் சிங்களத்தில், நாற்றுமேடைக்கு வரும் மேலதிகாரிக்கு விளக்குவது போலச் சொன்னாள். இவை மூன்று பிள்ளைகள். பிறக்கவில்லை. இவை அந்த நாட்கள். இது எத்தனையாவது மாதம் என்பது.

"அப்படியென்றால் இறந்தவை என்றல்லவா எழுதவேண்டும்?" என்றார் அவர். அது கேள்வி கேட்கும் உத்தியோகத்தரின் கேள்விதான். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"ஐம்பத்தெட்டாம் பக்கத்தைப் பாருங்கள்," என்றாள். "முளைக்கவில்லை என்பதால் பட்டது என்று எழுதும் வழக்கம் அங்கே இல்லை."

அவர் ஐம்பத்தெட்டை எடுத்து மறுபடியும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தத் தேதிகளுக்கு ஏதாவது கடதாசி இருக்கிறதா?"

"கிளினிக் அட்டைகள் வீட்டில் இருக்கின்றன. விதைப் பக்கற் போடும் பிஸ்கற் தகரத்துக்குள்."

"இரண்டு மணிக்கு வாகனம்," என்றார் என்னிடம்.

பதினொன்று பத்துக்கு பஸ் ஏறினேன். அலுவிகாரையில் இறங்கும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். தகரம் அலுமாரிக்கு மேல் இருந்தது. உள்ளே பூசணி, பாகல், பயற்றங்காய் விதைப் பக்கற்றுகள். அவற்றுக்கு அடியில் மூன்று அட்டைகள், ரப்பர் நாடா போட்டு. வாசலில் மிளகுக் கன்றுகள் மூன்று நாளாய்த் தண்ணீர் காணாமல் தலை தொங்கியிருந்தன. நேரம் இல்லை. இருந்தும் நின்று இரண்டு வாளி ஊற்றினேன். ஐந்து நிமிடம். திரும்பிப் போக பஸ்ஸுக்கு முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. நிலையத்துக்குள் நுழையும்போது ஒன்று இருபத்தைந்து. வாகனம் முற்றத்தில் நின்றது, சாரதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பொறுப்பதிகாரி முதல் அட்டையைப் பக்கத்தோடு வைத்துப் பார்த்தார். சரி. மூன்றாவதைப் பார்த்தார். சரி. இரண்டாவதில் விரலை வைத்தார்.

"இங்கே பதினேழு. அட்டையில் பதினெட்டு."

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "நடந்தது பதினேழாம் தேதி இரவு பதினொன்று நாற்பதுக்கு. டொக்டர் வந்து எழுதும்போது பன்னிரண்டு இருபது. தேதி மாறிவிட்டது."

"எப்படித் தெரியும்?"

"விறாந்தையில் மணிக்கூடு இருந்தது. குறித்துக்கொண்டேன்."

"இப்போதும் நினைவிருக்கிறதா?"

"மூன்றும் இருக்கிறது. முதலாவது காலை ஐந்து பத்து. மூன்றாவது பின்னேரம் மூன்று ஐம்பத்தைந்து, மழை."

நான் அவரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற என் மனைவி என் பக்கம் திரும்புவது தெரிந்தது. அவளிடம் தேதிகள் இருந்தன. நேரம் இருக்கவில்லை. மூன்று முறையும் அவளுக்கு மணிக்கூடு தெரியாத இடத்தில் படுக்கை.

பொறுப்பதிகாரி அட்டைகளை அடுக்கி, ரப்பர் நாடாவைத் தானே போட்டு, என் பக்கம் தள்ளினார். "நோனா வீட்டுக்குப் போகலாம். கொப்பி இங்கே இருக்கவேண்டும், எடுத்ததைப் பதிவேட்டில் எழுதிவிட்டோம். விசாரணை மூடிய பிறகு கிடைக்கும்." பிறகு சார்ஜன்டிடம்: "எண்பத்து நான்கு பக்கமும். ஒன்று விடாமல் முத்திரை குத்திக் கையெழுத்து வைத்து, சான்றுப்பொருள் அறையில் வையுங்கள். ஒன்று விட்டால் என்னாகும் என்று பார்த்தீர்கள்தானே."

சார்ஜன்ட் எங்களோடு வாசல்வரை வந்தார். "எண்பத்து நாலு முத்திரை," என்றார். "கை விட்டுப்போகும். நோனா, அடுத்த கொப்பியில யானை போடுங்க. சின்னதா ஒண்ணு. யானை இல்லாம ஒரு ஊர நம்ப முடியல."

"போடுறன்," என்றாள்.

வாகனம் இரண்டு பத்துக்கு எங்களைத் தாண்டிப் போனது. பின்னிருக்கையில் வேறு இருவர் இருந்தார்கள். அவர்கள் யார் என்று விசாரிக்கவேண்டும் என்று குறித்துக்கொண்டேன். அன்று விசாரிக்கவில்லை.

பஸ்ஸில் அவளுக்கு யன்னலோரம் கிடைத்தது. அலுவிகாரை விகாரையின் பாறைகள் தெரியத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினாள்.

"நிருபர் ஐயா," என்றாள். கோபத்திலும் சொல்வாள், அன்பிலும் சொல்வாள். "முதலாவது எத்தினை மணி எண்டு சொன்னனீங்கள்?"

"அஞ்சு பத்து."

"காலமையோ?"

"காலையிலதான். வெளியில காகம் கத்தத் தொடங்கியிருச்சு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கல."

"கேக்கிறதுக்கு உங்களிட்டை இருக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். டிக்கட்டின் பின்பக்கத்தில் மூன்று நேரங்களையும் என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். மடித்து, கிளினிக் அட்டைகளோடு நாடாவுக்குள் செருகினாள்.

"கண்டுகளுக்குத் தண்ணி விட்டனீங்களோ?"

"ரெண்டு வாளி."

"ரெண்டும் ஒரேயடியாவோ?"

"ஆமா."

"காய்ஞ்சு கிடந்ததுக்கு ஒரேயடியா விடக்கூடாதப்பா," என்றாள். "வேர் அழுகும்." பிறகு, வீட்டு ஒழுங்கையில் இறங்கும்போது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் அவள் அப்படிச் செய்வதில்லை.

கன்றுகளில் ஆறு மட்டும் பட்டுப்போயின. அவள் அதைப் பதிவு செய்தாள்.

அடுத்த மாதம் புதுக் கொப்பி வாங்கினோம். முதல் பக்கத்தில் யானையை வரைந்தாள். தும்பிக்கை இருந்தது, கண் இல்லை, அந்தியில் கண் அதிகம் தேவைப்படாது என்றாள். அது நடைக்கொடியைத் தின்னாது. கடைசியில் நிற்கும் வெறும் கூடுகளை மட்டும் தின்னும். இந்த முறை ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கொப்பியை என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் அச்சுப்படி பார்ப்பதுபோல் வாசித்து, எழுத்துப்பிழை இருந்தால் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பிழை அபூர்வம்.

பழைய கொப்பி பதினான்கு மாதத்துக்குப் பிறகு கிடைத்தது. சார்ஜன்ட் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். வேறொருவர் பதிவேட்டில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பழுப்பு உறையில் தந்தார். வீட்டு மேசையில் வைத்து இருவருமாகப் புரட்டினோம். எண்பத்து மூன்று பக்கங்களின் கீழ்மூலையில் ஊதா முத்திரையும் சார்ஜன்டின் கையெழுத்தும் இருந்தன. அறுபத்தோராம் பக்கத்தில் இல்லை.